கேம் பாய் கேசட்டைப் படிக்கும்போது கோளாறா? அறிகுறியைப் பார்த்து வழி தேடுங்கள்

கேம் பாய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியின் பழைய கேசட்டிலிருந்து தரவை எடுத்துக் கோப்பாகப் பாதுகாக்கப் போய், பாதியில் மாட்டிக்கொண்டு, "சிப் செத்துப்போச்சு" என்று கொண்டுவருபவர்கள் நிறையப் பேர். உண்மையில் சிப் செத்திருப்பது அபூர்வம். கேம் பாய் வெளிவந்தது 1989இல். அந்தக் காலத்து மாஸ்க் ரோம்களில் (ஆட்டத்தைத் தொழிற்சாலையிலேயே பதித்த சிப்புகள்) பெரும்பாலானவை இன்றும் ஒழுங்காகப் படிக்கின்றன. தகராறு செய்வது கேசட்டின் விளிம்பில் வரிசையாக இருக்கும் 32 பின்களில் (உலோகத் தொடர்பு முனைகளில்) ஒன்றோ இரண்டோதான். அதை விட்டால் பேட்டரி, அப்புறம் ரீடரில் (கேசட்டைக் கணினியோடு இணைத்துப் படிக்கும் கருவி) நாம் தேர்ந்தெடுத்த அமைப்பு. இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டால் சால்டர் இரும்பைச் சூடாக்கும் வேலையே பெரும்பாலும் வராது.

கீழே வரும் முகவரிகளும் பைட் மதிப்புகளும் ஹெக்ஸ் கணக்கு, அதாவது 16ஐ அடியாகக் கொண்டு, 9க்குப் பின் ஏ முதல் எஃப் வரை எழுத்துகளால் எண்ணுவது. ஜிபிஎக்ஸ்கார்ட், சன்னி கார்ட் ரீடர், ஆர்டுயினோ மெகாவில் நீங்களே கட்டிய ரீடர் என எது வைத்திருந்தாலும் வழி ஒன்றுதான்.

எந்த அறிகுறியானாலும் முதலில்

பின்களைத் துடையுங்கள். 99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த காது பட்ஸ் போதும். அழுக்கு விடாப்பிடியாக இருந்தால் மென்மையான வெள்ளை ரப்பரால் லேசாகத் தேய்த்துவிட்டு மறுபடி ஆல்கஹால். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். பின்னின் மேலே இருக்கும் தங்கப் பூச்சு மிக மெல்லியது, அது போனால் உள்ளே இருக்கும் செம்பு சீக்கிரம் கறுத்துவிடும். வாயால் ஊதுவதும் வேண்டாம், எச்சில்தான் போய் ஒட்டும்.

துடைத்து முடித்ததும், பேட்டரி உள்ள கேசட் என்றால் ரோமுக்கு முன்பே சேவ் கோப்பை, அதாவது ஆடியவர் ஆட்டத்தில் சேமித்துவைத்ததை, எடுத்துவிடுங்கள். அதே ரோம் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கேசட்டுகளில் இருக்கும். யாரோ பள்ளி விடுமுறையில் ஆடிச் சேர்த்த சேவ் இந்த ஒன்றில் மட்டும்தான் இருக்கிறது. கேம் பாய் கேமரா என்றால் இன்னும் அவசரம். அதில் சேமித்த 30 படங்களும் பேட்டரியை நம்பித்தான் உயிரோடு இருக்கின்றன.

ரீடரில் மின்னழுத்த சுவிட்ச் இருந்தால் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கேம் பாய், கேம் பாய் கலர் இரண்டுக்கும் 5 வோல்ட், கேம் பாய் அட்வான்ஸுக்கு 3.3. அட்வான்ஸ் கேசட்டுக்கு 5 வோல்ட் கொடுத்தால் அது கெட்டுப்போக வாய்ப்புண்டு. மின்சாரம் ஓடும்போது கேசட்டைச் செருகவோ உருவவோ கூடாது.

அறிகுறி: கணினிக்கு ரீடரே தெரியவில்லை

இதில் கேசட்டுக்குச் சம்பந்தமில்லை. முதலில் கேபிளை மாற்றுங்கள். சார்ஜ் போட மட்டுமே வரும் கேபிள்களில் தரவுக் கம்பி இருக்காது, விளக்கு எரியும், வேலை நடக்காது. அடுத்து யூஎஸ்பி ஹப்பை எடுத்துவிட்டு நேராகக் கணினியில் செருகுங்கள். அப்புறம் டிரைவர்: பல ரீடர்களில் சிஎச்340 என்ற யூஎஸ்பி சிப்தான் இருக்கும், விண்டோஸில் அதற்கான டிரைவரை நிறுவ வேண்டியிருக்கலாம். லினக்ஸில் உங்கள் பயனர் பெயரை டயல்அவுட் குழுவில் சேர்த்துவிட்டு ஒருமுறை வெளியேறி உள்ளே வாருங்கள்.

வேறு கணினியிலும் தெரியவில்லையா? ரீடரின் யூஎஸ்பி வாய் ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் சால்டர் விட்டிருக்கிறது. மொபைல் ரிப்பேர் கடையில் சின்ன வேலை இது.

அறிகுறி: கோப்பு முழுக்க எஃப்எஃப்

ஒவ்வொரு பைட்டும் எஃப்எஃப், அதாவது எட்டு பிட்டும் 1 என்றால், ரீடருக்கு எதிர்முனையில் யாருமே பதில் சொல்லவில்லை என்று பொருள். பழைய சாம்பல் நிற கேம் பாய் கையில் இருந்தால் அதில் செருகிப் பாருங்கள். நின்டெண்டோ லோகோ வரவேண்டிய இடத்தில் கறுப்புக் கட்டம் ஒன்று இறங்கி வந்து நின்றால் அங்கேயும் எஃப்எஃப்தான் படிக்கிறது, கோளாறு கேசட் பக்கம். லோகோ சரியாக வந்து ஆட்டம் ஓடினால் கேசட் நலம், ரீடர் பக்கம் பாருங்கள்.

கேசட் பக்கம் என்றால் எல்லாப் பின்னையும் சந்தேகப்பட வேண்டியதில்லை. முழுக் கோப்பையும் ஊமையாக்கக்கூடிய பின்கள் சிலதான்: 1 (மின்சாரம்), 32 (கிரவுண்ட்), 4 (படிக்கும் சமிக்ஞை), 21 (கடைசி முகவரிக் கம்பி, எளிய பலகைகளில் ரோமை விழிக்கச் செய்வதே இதுதான்). எது 1, எது 32 என்று குழம்பினால் மல்ட்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து, இரு கோடிகளிலும் எது பேட்டரியின் மைனஸோடு சேர்ந்து பீப் அடிக்கிறது என்று பாருங்கள், அதுதான் 32. பேட்டரி இல்லாத கேசட்டில் பலகையின் அகலமான செம்புப் பரப்போடு சேர்த்துப் பார்க்கலாம்.

மறுபடி துடைத்தும் எஃப்எஃப் என்றால் கேசட்டைத் திறக்க வேண்டும். அந்த விசித்திரமான திருகாணிக்கு 3.8 மி.மீ. கேம்பிட் என்ற திருப்புளி தனியாகக் கிடைக்கும். பேனாவை உருக்கி அச்செடுத்துத் திறக்கும் வித்தையும் சிலர் செய்வார்கள். ஒருமுறைதான் வேலை செய்யும், பிளாஸ்டிக் திருகாணியிலேயே ஒட்டிக்கொள்ளும், நான் பரிந்துரைக்க மாட்டேன். உள்ளே மேலே சொன்ன நான்கு பின்னிலிருந்தும் சிப்பின் கால்வரை தொடர்ச்சி பாருங்கள். எங்காவது அறுந்திருந்தால் மெல்லிய எனாமல் கம்பியால் இணைக்க வேண்டும். கை நடுங்காமல் 0.1 மி.மீ. கம்பியைப் பற்றவைக்கத் தெரியாது என்றால் இங்கேயே நிறுத்திவிட்டு, நுண்ணோக்கி வைத்து மொபைல் போர்டு வேலை பார்ப்பவரிடம் கொடுங்கள். ஹாட் ஏர் பிடிக்கும் முன் பேட்டரியை எடுக்க வேண்டும், பேட்டரியை எடுத்தால் சேவ் போய்விடும். இதை அவரிடம் சொல்லிவிட்டுத்தான் பலகையைக் கையில் கொடுக்க வேண்டும்.

அறிகுறி: தரவு வருகிறது, ஆனால் பெயர் கோணல்மாணலாக இருக்கிறது

எனக்குப் பிடித்த கோளாறு இதுதான். எந்தப் பின் குற்றவாளி என்பதைக் கோப்பே சொல்லிவிடும்.

ஹெக்ஸ் எடிட்டரில் 0104ஐத் திறங்கள். அசல் கேசட் எதுவானாலும் அங்கே லோகோ தொடங்கும், முதல் நான்கு பைட்டுகள் சிஇ, இடி, 66, 66. ஒவ்வொரு கேசட்டிலும் ஒரே மாதிரி இருப்பதால் இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

சிஎஃப், இடி, 67, 67 என்று வந்திருக்கிறதா? எல்லா பைட்டிலும் கடைசி பிட் 1 ஆகவே நிற்கிறது. முதல் தரவுக் கம்பி தொடர்பில் இல்லை, 22ஆம் பின்னைப் பாருங்கள். 4இ, 6டி, 66, 66 என்று வந்தால் தலை பிட் 0இல் சிக்கியிருக்கிறது, 29ஆம் பின்னையும் அதன் பக்கத்துப் பின்னையும் பாருங்கள். இடையில் உள்ளவற்றை இதே கணக்கில் எண்ணிக்கொள்ளலாம். 22 முதல் 29 வரை எட்டு பின், எட்டு பிட்.

0134இல் தொடங்கும் பெயரும் இதையே காட்டும். டெட்ரிஸ் கேசட்டில் 22ஆம் பின் அழுக்காக இருந்தால் பெயரில் உள்ள 'டி' எழுத்துகள் இரண்டும் 'யூ' ஆகிவிடும், 'ஆர்' 'எஸ்' ஆகிவிடும். மற்ற எழுத்துகளில் அந்த பிட் ஏற்கெனவே 1 என்பதால் அவை அப்படியே நிற்கும். இப்படிப் பாதிப் பெயர் சரியாகவும் பாதி தவறாகவும் வருவதைப் பார்த்துத்தான் பலர் ரோம் அழுகிவிட்டது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். துடைத்துச் செருகினால் பத்தில் ஒன்பது சமயம் சரியாகிவிடும்.

துடைத்தும் அதே பிட் நிற்கிறது என்றால் வேறு கேசட்டைப் போட்டுப் பாருங்கள். அதிலும் அதே பிட் என்றால் ரீடரின் செருகுவாயில் ஒரு பல் மடங்கியிருக்கும், அல்லது வீட்டில் கட்டிய ரீடரில் ஒரு ஜம்பர் கம்பி கழன்றிருக்கும். ஈஎஸ்பி32, ராஸ்பெரி பை போன்றவற்றில் கட்டியவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை: அவற்றின் பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை. மின்னழுத்த மாற்றி இல்லாமல் 5 வோல்ட் கேசட்டை நேராக இணைத்திருந்தால் பின் எரிந்தே போயிருக்கலாம். மெகாவில் இந்தத் தொல்லை இல்லை.

அறிகுறி: ஒவ்வொரு முறை படிக்கும்போதும் ஒவ்வொரு விதம்

இரண்டு கோப்புகளையும் ஒப்பிட்டு, வேறுபாடு எங்கே, எப்படி இருக்கிறது என்று பாருங்கள். எப்போதும் ஒரே பிட்தான் மாறுகிறது என்றால் மேலே சொன்ன பின் கதைதான், தொட்டும் தொடாமலும் நிற்கிறது. எங்கெங்கோ சிதறிக் கிடக்கிறது என்றால் மின்சாரமோ வேகமோ காரணம். குட்டையான கேபிள், ஹப் இல்லாத இணைப்பு, மடிக்கணினியை விட்டு வேறு கணினி என முதலில் மாற்றிப் பாருங்கள். வீட்டில் கட்டிய ரீடர் என்றால், முகவரியை வைத்துவிட்டுத் தரவைப் படிக்கும் முன் சில மைக்ரோநொடி காத்திருக்கச் சொல்லுங்கள். நீளமான ஜம்பர் கம்பிகளைப் பாதியாகக் குறையுங்கள்.

பெரிய ரோமை 16 கேபித் துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றாகத்தான் காட்டும், அந்தத் துண்டுதான் வங்கி. வங்கி மாற்றும் இடங்களுக்குப் பிறகு மட்டும் குழப்பம் என்றால் நிரலைப் பாருங்கள். வங்கி எண்ணை எழுதிவிட்டு, தரவுக் கம்பிகளை மறுபடி உள்வாங்கும் நிலைக்குத் திருப்ப மறந்திருப்பீர்கள்.

மூன்று முறை படித்து, பைட்டுக்கு பைட் பெரும்பான்மை பார்த்து ஒரு கோப்பாக ஒட்டவைப்பவர்கள் உண்டு. பாதுகாப்பதற்காக எடுக்கும் கோப்பில் இதைச் செய்யாதீர்கள். அப்படி ஒட்டிய கோப்பு எந்த ஒரு வாசிப்பிலும் வராத கோப்பாகக்கூட இருக்கலாம்.

மாறாக, இரண்டு முறை ஒரே மாதிரி வந்துவிட்டதாலேயே சரி என்றும் ஆகிவிடாது. பின் ஒரே இடத்தில் சிக்கி நின்றால் நூறு முறை படித்தாலும் ஒரே தவறுதான் வரும். ஒவ்வொரு வாசிப்புக்கும் இடையில் கேசட்டை உருவி மறுபடி செருகுங்கள்.

அறிகுறி: ஒரே பகுதி திரும்பத் திரும்ப வருகிறது

எவ்வளவு தூரத்துக்கு ஒருமுறை திரும்புகிறது என்று அளந்தால் விடை கிடைத்துவிடும்.

16 கேபிக்கும் குறைவான இடைவெளியில் திரும்பினால் முகவரிக் கம்பி. 6 முதல் 21 வரையுள்ள பின்கள் அவை. 8 கேபிக்கு ஒருமுறை திரும்பினால் 19ஆம் பின், 4 கேபி என்றால் 18ஆம் பின், இப்படியே இறங்கிக்கொண்டு போகலாம். பைட்டுகள் இரண்டிரண்டாக ஒரே மதிப்பில் வந்தால் 6ஆம் பின்.

சரியாக 16 கேபிக்கு ஒருமுறை திரும்பினால் வங்கி மாறவில்லை. முதல் இரண்டு வங்கிகள் மட்டும் சரியாக இருக்கும், அதன்பின் எல்லாம் இரண்டாவதன் நகல். எளிய காரணம் 3ஆம் பின், எழுதும் சமிக்ஞை. அது அழுக்கானால் வங்கியும் மாறாது, சேவும் வராது. இரண்டும் சேர்ந்தே வந்தால் யோசிக்காமல் அங்கே போங்கள். சந்தேகம் இருந்தால் இப்படிப் பிரித்துப் பாருங்கள்: டெட்ரிஸில் வங்கியே இல்லை, மொத்தம் 32 கேபிதான். சூப்பர் மேரியோ லேண்டில் 64 கேபி, வங்கி உண்டு. டெட்ரிஸ் சரியாக வந்து மேரியோ வரவில்லை என்றால் ரீடரின் எழுதும் கம்பிதான் குற்றவாளி.

512 கேபிக்கு ஒருமுறை திரும்பினால் அழுக்கு காரணமல்ல, அமைப்பு தவறு. கேசட்டில் வங்கி மாற்றும் சிப்புகளுக்கு எம்பிசி என்று பெயர், அதில் பல வகை உண்டு. எம்பிசி5 சிப் உள்ள கேசட்டை எம்பிசி1 என்று நினைத்துப் படிக்கிறீர்கள். ஐந்து பிட்டில் 32 வங்கி மட்டுமே எண்ண முடியும், எம்பிசி5 ஒன்பது பிட் கேட்கும். எந்த வகை என்பதை 0147இல் உள்ள பைட்டும், ரோமின் அளவை 0148இல் உள்ள பைட்டும் சொல்லும். அளவு பைட் 00 என்றால் 32 கேபி, ஒவ்வொன்று கூடும்போதும் இரட்டிப்பு.

அறிகுறி: எப்போதும் ஒரே கோப்புதான், ஆனால் செக்சம் பொருந்தவில்லை

செக்சம் என்பது பைட்டுகளைக் கணக்கிட்டுச் சரிபார்க்க வைத்திருக்கும் எண். இரண்டு செக்சம் இருக்கின்றன. 014டியில் இருப்பது 25 பைட்டுக்கு மட்டும் காவல். அது சரியாக இருப்பதால் மீதி ரோமைப் பற்றி ஒன்றும் தெரிந்துவிடாது. அதற்கடுத்த இரண்டு பைட்டுகளில் இருப்பதுதான் முழுக் கோப்புக்கானது. கேம் பாய் முதலாவதை மட்டும் சரிபார்க்கும், இரண்டாவதைக் கண்டுகொள்ளாது. அதனால் ஆட்டம் ஓடுகிறது என்பதை ஆதாரமாக வைக்காதீர்கள்.

512 கேபிக்கு மேற்பட்ட எம்பிசி1 கேசட்டா? 32, 64, 96 எண்ணுள்ள வங்கிகளை வழக்கமான இடத்தில் கேட்டால் அந்தச் சிப் 33, 65, 97ஐக் கொடுத்துவிடும். நல்ல மென்பொருள் இதற்கு வேறு வழி வைத்திருக்கும். நீங்களே எழுதிய நிரலில் அது இருக்காது. சிப்பை இரண்டாவது நிலைக்கு மாற்றி, அந்த வங்கிகளைக் கீழ்ப்பகுதியில், அதாவது 0000 முதல், படிக்க வேண்டும்.

அதுவும் இல்லை என்றால், கேசட் கள்ளப் பதிப்பாக இருக்கலாம். நம் ஊர்ப் பொம்மைக் கடைகளில் விற்ற 'நூறு ஆட்டம் ஒரே கேசட்டில்' வகையெல்லாம் இதில் சேர்த்தி. தலைப்பகுதி 32 கேபி என்று சத்தியம் செய்யும், உள்ளே அதற்குப் பல மடங்கு இருக்கும், வங்கி மாற்றும் முறையும் வேறாக இருக்கும். செக்சம் பொருந்தாது என்பதால் இவற்றைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அசல் டெட்ரிஸை எத்தனையோ பேர் எடுத்துவைத்துவிட்டார்கள். இந்த மாதிரிக் கேசட்டுகளைத்தான் யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். பலகையின் இருபுறமும் தெளிவாகப் படம் எடுத்து, சிப்பின் மேல் உள்ள எழுத்துகளைக் குறித்துவைத்துக்கொண்டு, இத்தகைய கேசட்டுகளில் பழக்கமுள்ளவரின் உதவியைக் கேளுங்கள்.

அசல் கேசட் என்றால் கடைசிச் சோதனை நோ-இன்ட்ரோ பட்டியல், சரியாக எடுத்த ரோம்களின் அடையாள எண்களைத் தொகுத்தது. உங்கள் கோப்பின் ஷா-1 எண் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) அதில் இருந்தால் வேலை முடிந்தது.

அறிகுறி: ரோம் சரி, சேவ் வரவில்லை

சேவ் முழுக்க எஃப்எஃப் என்றால் நினைவகம் திறக்கவே இல்லை. 3ஆம் பின், 5ஆம் பின் (சேவ் சிப்பைத் தேர்வது), 30ஆம் பின் (ரீசெட்) மூன்றையும் துடையுங்கள். சொந்த நிரல் என்றால் 0000 பகுதியில் 0ஏ என்ற மதிப்பை எழுதித் திறந்தீர்களா என்று பாருங்கள்.

எஃப்எஃப் இல்லை, ஆனால் அர்த்தமில்லாத குப்பை, ஆட்டமும் சேவ் இல்லை என்கிறது. பேட்டரி தீர்ந்திருக்கும். திறந்து அளந்து பாருங்கள், புதியது 3 வோல்ட். 2.5க்குக் கீழே போயிருந்தால் இருக்கும் சேவும் எந்த நேரமும் போகலாம். போன சேவ் கோப்பைத் திரும்பக் கொண்டுவர எந்தக் கடைக்காரராலும் முடியாது, அதற்காகப் பணம் கேட்பவரிடம் கொடுக்காதீர்கள். புது பேட்டரி போடும்போது பலகையில் குறித்திருக்கும் எண்ணையே வாங்குங்கள், சிஆர்1616 அல்லது சிஆர்2025 அதிகம். தகடு ஒட்டியதாகக் கேளுங்கள். வெறும் வட்ட பேட்டரியின் மேல் நேராக சால்டர் வைத்தால் வெடிக்கும் அபாயம் உண்டு.

சேவ் மட்டும் படிக்கப் படிக்க மாறுகிறது, அதுவும் ஒவ்வொரு பைட்டின் மேல் பாதி மட்டும் மாறுகிறது என்றால் கோளாறே இல்லை. அது எம்பிசி2. அதன் உள்ளே இருக்கும் நினைவகம் நான்கு பிட் அகலம்தான், மேல் நான்கு பிட்டுக்குப் பொருள் கிடையாது. கீழ்ப் பாதி ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள்.

அறிகுறி: திறந்தால் கேசட்டும் இல்லை, ரோமும் இல்லை

கேம் & வாட்ச், டெட்ரிஸ் மாதிரி ஆடும் பிரிக் கேம் போன்ற ஒற்றை ஆட்டப் பெட்டிகளைத் திறந்தவர்கள் இங்கே வந்து நிற்பார்கள். 1980இல் தொடங்கிய கேம் & வாட்ச் வரிசையில் ஷார்ப் தயாரித்த நான்கு பிட் சிப்புகள். ரோம் அந்த சிப்புக்குள்ளேயே அடக்கம், முகவரிக் கம்பியோ தரவுக் கம்பியோ வெளியே வராது. பிரிக் கேமில் சிப்பே கண்ணுக்குத் தெரியாது, பலகையில் ஒரு கறுப்பு எபாக்ஸி பொட்டுதான் இருக்கும். கேசட் ரீடர் எதுவும் இங்கே உதவாது.

சில சிப் குடும்பங்களில் தொழிற்சாலைச் சோதனைக்காக வைத்த வழியாக ரோமைப் படித்துவிடலாம். நேஷனல் செமிகண்டக்டரின் சிஓபி400 வரிசையில் எஸ்ஓ பின்னை உயர் நிலையில் பிடித்துவைத்தால் சோதனை நிலை திறக்கும், எஸ்ஐ பின் தாழ்ந்திருந்தால் அது ரோம் சோதனை. சிப்பின் மேல் எண் தெரிந்தால் அதன் தரவுத்தாளை முதலில் தேடிப் படியுங்கள், செலவில்லாத வேலை.

வழி இல்லையென்றால் மிச்சம் ஒன்றுதான்: புகையும் நைட்ரிக் அமிலத்தில் மேலுறையைக் கரைத்து, சிலிக்கானை நுண்ணோக்கியில் படமெடுத்து, பிட் பிட்டாக எண்ணுவது. இதை வீட்டில் செய்யாதீர்கள். வாயு வெளியேற்றும் அறையும் பழக்கமும் உள்ளவர்களுக்கான வேலை, சிப்பும் திரும்பி வராது. அதனால் ஓடும் பெட்டியைப் பலி கொடுக்க வேண்டாம், அதே மாதிரியில் திரை உடைந்தது, பேட்டரிக் கசிவில் பலகை அரித்தது எதுவானாலும் போதும்.

அனுப்பும் முன் ஒன்று செய்தாக வேண்டும். இந்தப் பெட்டிகளில் ஆட்டத்தின் உருவங்கள் ரோமில் இல்லை, எல்சிடி கண்ணாடியிலேயே பதிந்திருக்கின்றன. ரோம் மட்டும் கிடைத்தால் எந்தத் துண்டு எப்போது எரியும் என்று தெரியும், அது குரங்கா பீப்பாயா என்று தெரியாது. ஆகவே கண்ணாடியைத் தனியே கழற்றி 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள், பின்னணி அட்டையையும் தனியாக ஸ்கேன் செய்யுங்கள். கழற்றும்போது கண்ணாடிக்கும் பலகைக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் பட்டை எந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று முதலிலேயே ஒரு படம் எடுத்துவிடுங்கள். திருப்பி வைத்துவிட்டால் பாதித் துண்டுகள் தெரியாமல் போகும், அப்புறம் கண்ணாடி கெட்டுவிட்டது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.